வெண்கல நெற்றி

ஒரு ஜெனரலின் சிலையிலிருந்து தலையைக் கழற்றிவிட்டு இன்னொரு ஜெனரலின் தலையைப் பூட்டலாம் என்பது எனக்குப் பத்து வயதிலேயே தெரியும். என் வகுப்பில் வேறு யாருக்கும் தெரிந்திராத சங்கதி அது. எனக்குச் சொன்னவர் அந்தத் தலைகளைச் செய்தவரே என்பதால் சந்தேகப்படவும் இடமில்லை.

அவர் மெக்சிக்கோக்காரர். தன் நாட்டில் பெயர்பெற்ற சிற்பி. ஊர்ச் சதுக்கங்களில் நிற்கும் வெண்கலக் குதிரைகள், அவற்றின்மேல் வாளோடு தளபதிகள், ஒரு கையை நீட்டி எதையோ வாக்களித்துக்கொண்டிருக்கும் ஆளுநர்கள் என்று நல்ல வயது முழுவதையும் அவர்களுக்கே செலவழித்தவர். ஓர் ஊரில் ஆட்சி மாறியதும் பழைய தளபதியை இறக்கச் சொன்னார்களாம். பிறகு யோசித்துவிட்டு, குதிரை அழகாகத்தானே இருக்கிறது, உடம்பிலும் பழுதில்லை, தலையை மட்டும் மாற்றித் தாருங்கள் என்றார்களாம். மாற்றிக் கொடுத்தார். சனங்கள் புதியவரையும் அதே மரியாதையோடு கும்பிட்டுவிட்டுப் போனார்கள். இதைச் சொல்லும்போது அவர் சிரிக்கமாட்டார். நான்தான் சிரிப்பேன்.

வயதானபின் மகளோடு இருக்கலாமென்று ரொறன்ரோவுக்கு வந்தவர், சும்மா இருக்க முடியாமல் ரெக்ஸ்டேலில் கார் திருத்தும் கடைகளின் வரிசையில் ஓர் இடத்தை வாடகைக்கு எடுத்து வேலை செய்துகொண்டிருந்தார். எங்கள் காரைத் திருத்தப் போன அப்பா, பக்கத்துக் கடையின் ஷட்டர் பாதி திறந்திருக்க, உள்ளே ஒரு குதிரைக்கால் மட்டும் தனியாக நிற்பதைக் கண்டாராம். கார் திருத்தி முடிவதற்குள் இருவரும் சிநேகிதராகிவிட்டார்கள். எங்கள் நாட்டுப் போரில் செத்தவர்களுக்கு மார்க்கம் நகரில் ஒரு நினைவுச்சிலை வைப்பதென்று அப்பாவின் சங்கம் அப்போதுதான் தீர்மானித்திருந்தது. சங்க மண்டபத்தின் முன்றிலில் இடமும் ஒதுக்கியாயிற்று. சிலை செய்ய ஆள்தான் அகப்படவில்லை. இந்தியாவிலிருந்து ஒருவர் அனுப்பிய மாதிரியைப் பார்த்துவிட்டு, இது அம்மன்போல இருக்கிறது, சனம் தேங்காய் உடைக்கத் தொடங்கிவிடும் என்று சங்கத் தலைவர் வேண்டாமென்றிருந்தார். குதிரைக்காலைக் கண்ட அப்பா மெக்சிக்கோக்காரரின் பெயரைச் சொன்னார்.

சங்கத் தலைவரை நான் தலைவர் அங்கிள் என்றே கூப்பிடுவேன். அவர் சிற்பியிடம் சில படங்களைக் கொண்டுபோய்க் கொடுத்தார். ஒன்றில் ஒரு பெண் தீப்பந்தம் பிடித்திருந்தாள். எல்லாவற்றிலும் பீடம் உயரமாக இருந்தது. சிற்பி அவற்றை மரியாதையாகப் பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பீடம் ஜெனரல்களுக்குத்தான், இந்தப் பெண் தரையிலேயே நிற்கட்டும் என்றார். சண்டைக்குள்ளிருந்து உண்மையாக நடந்து வந்த ஒருவரைக் கூட்டி வர முடியுமா என்றும் கேட்டார். அப்படித்தான் மாமி இந்தக் கதைக்குள் வந்தார்.

மாமி என்றால் அம்மாவின் தம்பியின் மனைவி. ரூஜ் என்ற பகுதியில் எங்கள் வீட்டின் பேஸ்மென்டில் இருந்தார். தனியாகத்தான் கனடாவுக்கு வந்தவர். மாமாவைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான்: வன்னியில் சண்டை முடிந்த கையோடு, விசாரித்துவிட்டு விடுகிறோம் என்று சிலரை ஒரு பஸ்ஸில் ஏற்றினார்கள். மாமாவும் ஏறினார். பஸ் வளைவில் திரும்பும்வரை மாமி பார்த்துக்கொண்டு நின்றார். மாமா இன்னும் வரவில்லை. பனி கொட்டும் நாட்களில் எங்கள் தெருவுக்கும் பஸ் வராது. ஆகவே மாமாவை நான் பஸ் பிந்திப்போன ஒருவராகத்தான் மனதில் வைத்திருந்தேன்.

காலையில் குளித்துவிட்டு வந்ததும் மாமி ஒரு சின்னப் பித்தளைச் சிமிழைத் திறந்து மோதிர விரலால் குங்குமம் எடுத்து நெற்றியில் வைப்பார். கண்ணாடி பார்க்கமாட்டார். அது முடியும்வரை யாரோடும் பேசவும் மாட்டார். கொண்டாட்ட வீடுகளில் சில அன்ரிமார் முதலில் மாமியின் நெற்றியைப் பார்த்துவிட்டு, பிறகுதான் முகத்தைப் பார்ப்பார்கள். பொட்டு வடிவாக இருப்பதால் பார்க்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன். என்னைப் பொறுத்தவரை பொட்டு என்பது சட்டையின் நிறத்துக்குப் பொருத்தமாக அட்டையிலிருந்து உரித்து ஒட்டுவது. யார் வைக்கலாம், யார் வைக்கக்கூடாது என்றொரு சட்டம் அதற்கு இருப்பதை யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை.

மாமிக்கு இங்கிலீஷ் வராது. சிற்பிக்குத் தமிழ் வராது. அம்மாவுக்குச் சனிக்கிழமைகளில் வேலை. அப்பா எங்களை இறக்கிவிட்டுச் சங்க வேலைக்குப் போய்விடுவார். எனவே மொழிபெயர்ப்பு உத்தியோகம் எனக்குக் கிடைத்தது. அவருடைய இங்கிலீஷும் என்னுடைய தமிழும் ஏறக்குறைய ஒரே தரம் என்பதால் எங்களுக்குள் நன்றாக ஒத்துப்போயிற்று. அவர் மாமியை 'செனோரா' என்பார், அம்மணி என்பதுபோல. மாமி அவரைச் 'சிலைக்காரர்' என்பார்.

முதல் நாள் அவர் கேட்ட கேள்வி, வரும்போது எதைத் தூக்கி வந்தீர்கள் என்பது. மாமி எழுந்து, மூலையில் கிடந்த சாக்கொன்றைத் தலையில் வைத்து இடக்கையால் பிடித்துக்கொண்டார். வலக்கையைப் பின்னால் நீட்டி, விரல்களை விரித்தபடி நடந்தார்.

"அந்தக் கை ஏன் பின்னுக்கு இருக்காம்?" என்று நான் கேட்டேன்.

"மாமா பின்னால வந்தவர். அவரின்ரை கையைப் பிடிச்சிருந்தனான்."

நான் அதை இங்கிலீஷில் சொன்னேன். சிற்பி பென்சிலை வைத்துவிட்டு மாமியை இன்னொருமுறை நடக்கச் சொன்னார். அதோடு தீப்பந்தம் ஏந்திய பெண் போய்விட்டாள். இரும்புக் கம்பியில் கோழிக்கூட்டு வலை சுற்றி, அதன்மேல் களிமண் அப்பி, தலையில் மூட்டையும் பின்னால் நீட்டிய வெறுங்கையுமாக ஒரு பெண் சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை வளர்ந்தாள். மாமியின் உயரம்தான் அவளுக்கும்.

களிமண் காய்ந்தால் வெடித்துவிடும் என்பதால் வேலை முடிந்ததும் அவர் உருவத்தை ஈரத்துணியால் சுற்றி வைப்பார். அவரிடம் இருந்தவை பழைய வெள்ளைப் படுக்கை விரிப்புகள். அவர் முதல்தரம் அப்படித் தலையிலிருந்து கால்வரை சுற்றுவதைக் கண்டதும் மாமி எழுந்து வெளியே போய்விட்டார். அடுத்த கிழமை தன்னுடைய பழைய சீலைகளைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார்.

"வெள்ளையால சுத்த வேண்டாமெண்டு சொல்லு, பிள்ளை. இதுகளால சுத்தச் சொல்லு."

ஏனென்று நானும் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை. அதன்பிறகு அந்தப் பெண் கிழமைநாட்களில் மாமியின் மாம்பழ மஞ்சள் சீலையைச் சுற்றிக்கொண்டு நின்றாள்.

முகத்தை மாமியின் முகமாகச் செய்வதென்று யாரும் பேசி முடிக்கவில்லை. அது தானாக வந்தது. ஒரு சனிக்கிழமை சீலையை அவிழ்த்தபோது மாமி இருந்தார்: நெரித்த புருவம், ஒரு பக்கம் கொஞ்சம் இறங்கிய உதடு, நெற்றியில் பொட்டு. சிற்பிக்கு அது முகத்தின் ஓர் உறுப்பு. மூக்கைச் செய்வதுபோலக் களிமண்ணில் ஒரு சின்ன உருண்டை உருட்டி, நெற்றியில் வைத்து விரலால் அழுத்தியிருந்தார். மாமி கிட்டப் போய் வெகுநேரம் பார்த்தார். தொடவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் 401 நெடுஞ்சாலை முழுக்க ஏதோவொரு பழைய பாட்டை வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டு வந்தார். மாமிக்குப் பாட்டு வருமென்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

வெண்கலத்தில் வார்ப்பதற்கு முன்னால் சங்கத்தார் வந்து பார்த்துச் சம்மதம் சொல்ல வேண்டும். வந்தார்கள். பளபளக்கும் சப்பாத்துகளோடு களிமண் சிந்திய தரையில் கவனமாகக் கால்வைத்து உருவத்தைச் சுற்றி நடந்தார்கள். பின்னால் நீட்டிய கை தாய்மண்ணைக் காட்டுகிறது என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் தலையாட்டினார்கள். மாமி சுவரோரம் ஒரு பெயின்ற் வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் இருந்தார். களிமண் முகத்தை அத்தனை கூர்மையாகப் பார்த்தவர்கள் ஒருவரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

தலைவர் அங்கிள் உருவத்தின் முன்னால் நின்றுகொண்டு சொன்னார். "முகம் நல்லாத்தான் இருக்கு. ஆனா உந்தப் பொட்டு வேண்டாம்."

"அண்ணை, அது சின்னப் பொட்டுத்தானே," என்றார் அப்பா.

"சின்னனோ பெரிசோ, இது செத்த சனத்துக்கு வைக்கிற சிலை. என்ரை அம்மா கடைசிமட்டும் வெள்ளைச் சீலையோட நிண்டவ. அவவை நினைச்சு அழ வாற நான், பொட்டு வைச்ச பொம்பிளையையோ பாக்கிறது? அழுகையே வராது." அவர் பொல்லாதவரல்ல. அவர் தாயும் அந்தப் போரில்தான் செத்தவர். "பிள்ளை, அவருக்குச் சொல்லு, அதை எடுத்துவிடச் சொல்லி."

நான் சொன்னேன். பொட்டுக்கு இங்கிலீஷ் தெரியாமல், நெற்றியிலுள்ள டொட் வேண்டாமாம் என்றேன். அப்பா மட்டும் ஒருதரம் மாமியைப் பார்த்தார். பிறகு எல்லோரும் வெளியே கார்களடிக்குப் போய்விட்டார்கள்.

சிற்பி கையில் மெல்லிய மரக்கரண்டிபோன்ற ஒன்றோடு உருவத்தின் முன்னால் நின்றார். ஒரு நொடி வேலைதான். ஆனாலும் அவர், முதலில் செனோராவைக் கேள் என்றார்.

"மாமி, டொட்டை எடுக்கலாமோண்டு கேக்கிறார். ஓக்கேதானே?"

"அதை எடுக்கிறதெண்டால் முகத்தையும் எடுக்கச் சொல்லு. வேற ஆரின்ரையும் முகத்தை வைக்கட்டும்."

சொன்னேன். அவர் ஏன் என்றார். மாமி என்னைப் பார்க்கவில்லை, நேரே அவரைப் பார்த்துத் தமிழிலேயே கேட்டார்.

"என்ரை மனிசன் செத்ததெண்டு ஆர் சொன்னது? ஆராவது கண்டதோ?"

ஒரு டொட்டுக்கு ஏன் இவ்வளவு கோபமென்று யோசித்தபடி அதையும் இங்கிலீஷில் சொன்னேன். சிற்பி கரண்டியைக் கீழே வைத்தார். மாமிக்கு எதிரே இன்னொரு வாளியைக் கவிழ்த்து அதில் இருந்தார். அவர் அன்று சொன்னதை நான் துண்டு துண்டாக மாமிக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போதும் அது என் அரைகுறைத் தமிழில்தான் என் நினைவில் இருக்கிறது.

அவருக்கு ஒரு அண்ணன் இருந்தாராம். யூனிவர்சிற்றியில் படித்தவராம். றோட்டில் வைத்து ஒரு வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போனார்களாம். வரவே இல்லையாம். அவருடைய அம்மா ஒவ்வொரு ஞாயிறும் அந்த அண்ணனின் ஷேர்ட்டுகளை அயர்ன் பண்ணித் தொங்கவிடுவாவாம். போட ஆளில்லாமலே திரும்பத் திரும்ப அயர்ன் பண்ணுவாவாம். அவர் வளர்ந்து பெரிய சிற்பியாகி, அண்ணனைப் பற்றித் தகவல் இல்லை என்று சொன்ன அதே ஆளுநர்களுக்குச் சிலை செய்துகொடுத்தாராம். அவர்களுடைய மூக்கையெல்லாம் இருந்ததைவிட அழகாகச் செய்தாராம். ஒரு சிலை திறப்புக்குக்கூட அம்மா வரவில்லையாம். காத்திருக்கிற தாய்மாருக்கு ஒரு சிலை செய்கிறேன், இடம் தாருங்கள் என்று பிறகு பல ஊர்களில் கேட்டாராம். குதிரை நிற்கிற சதுக்கங்களில் அதற்கு இடம் இருக்கவில்லையாம்.

"இப்பவும் அயர்ன் பண்ணுறாவோ?" என்று மாமி கேட்டார்.

இல்லையாம். ஒரு ஞாயிறு எல்லா ஷேர்ட்டுகளையும் எடுத்துப் பக்கத்து வீட்டுப் பெடியங்களுக்குக் கொடுத்துவிட்டாவாம்.

"ஆர் சொல்லி?"

"ஒருத்தரும் சொல்லேல்லையாம் மாமி. தானாத்தானாம். இவர் அவவோட கத்திச் சண்டை பிடிச்சவராம். அவ ஒண்டும் பேசாமல் போய்ப் படுத்திட்டாவாம்."

"அழுதவவோ?"

"இல்லையாம். நித்திரை கொண்டவவாம்."

"நல்லாவோ?"

நான் கேட்டேன். சிற்பி இரண்டு கைகளையும் சேர்த்துக் கன்னத்தில் வைத்துக் கண்ணை மூடிக் காட்டினார். அதற்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. மாமி கைகளை மடியில் கோத்தபடி இருந்தார். எனக்குப் பசித்தது. ஷேர்ட் கதையைவிட ஜெனரலின் தலைக் கதை நல்லது என்று பட்டது.

பிறகு சிற்பி எழுந்து உருவத்திடம் போனார். சுண்டுவிரல் நகத்தால் அந்தச் சின்ன உருண்டையை மெதுவாகக் கிளப்பி எடுத்தார். மாமி வாளியிலிருந்து எழுந்துவிட்டார். சிற்பி கையைக் காட்டி நிறுத்தினார். பொட்டு இருந்த இடத்தில் விரல்நுனியை வைத்து அழுத்தினார். விரலை எடுத்தபோது நெற்றியில் ஒரு சின்னக் குழி இருந்தது.

"தான் தீர்மானிக்கேல்லையாம்," என்று நான் மாமிக்குச் சொன்னேன். "இடம் இருக்காம். வைக்கிற ஆக்கள் வைக்கட்டாம்."

மாமி கிட்டப் போய்த் தன் மோதிர விரலை அந்தக் குழியில் வைத்துப் பார்த்தார். அளவாக இருந்தது. தலைவர் அங்கிளுக்கும் திருப்தி. பொட்டு இல்லைத்தானே. ஜெனரல்களோடு காலம் தள்ளிய மனிதருக்கு எங்கள் சங்கத்தைச் சமாளிக்கவா தெரியாது என்று அப்பா வீட்டில் சொன்னார். ஆனால் சொல்லும்போது அவரும் சிரிக்கவில்லை.

சிலை திறந்த நாள் மழை தூறியது. அம்மா எனக்கு மெரூன் நிறச் சட்டையும் அதற்குத் தோதாக ஒரு அட்டைப் பொட்டும் வாங்கியிருந்தார். மாமி அந்த மாம்பழ மஞ்சள் சீலையை உடுத்தியிருந்தார். எத்தனைமுறை கழுவியும் களிமண் கறை கரையில் போகவில்லை. திரை விலகியபோது, பீடமில்லாமல் ஈரப் புல்லுக்கு நடுவே கல்லில் கால்பதித்து, எங்களைப்போலவே மழையில் நனைந்துகொண்டு நின்றாள் அந்த வெண்கலப் பெண். சனம் விம்மியது. தலைவர் அங்கிள் பேசத் தொடங்கி முடிக்க முடியாமல் மைக்கை அப்பாவிடம் கொடுத்துவிட்டு அழுதார். அழுகை வராது என்று அவர் பயந்தது வீண்.

எல்லோரும் தேநீருக்கும் றோல்ஸுக்குமாக மண்டபத்துக்குள் போனபின், மாமி என் கையைப் பிடித்துக்கொண்டு சிலைக்குக் கிட்டப் போனார். சிற்பி மட்டும் அங்கே நின்றிருந்தார். மாமி கைப்பையிலிருந்து சிமிழை எடுத்தார். குங்குமம் முழுவதையும் அந்தக் குழியில் வைத்து நிரப்பி அழுத்தினார். வெறும் சிமிழைச் சிலையின் காலடியில் வைத்தார். பிறகு சீலைத் தலைப்பால் தன் நெற்றியைத் துடைத்தார். மழை என்று நான் நினைத்தேன். சிற்பி தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துத் தலையைக் குனிந்தார். போய்வருகிறேன் என்கிறார் என்று நினைத்து நான் கை காட்டினேன். பின்னால் நீண்டிருந்த வெண்கலக் கையை மாமி ஒருமுறை பிடித்தார், விட்டார்.

காரில் அப்பா ஓட்டினார், அம்மா முன்னால், மாமியும் நானும் பின்னால். அப்பா கண்ணாடியில் மாமியைப் பார்த்தார். அம்மா திரும்பிப் பார்த்துவிட்டு வாயில் கையை வைத்துக்கொண்டு முன்னால் திரும்பிவிட்டார். அப்போதுதான் நானும் பார்த்தேன்.

"மாமி, உங்கட பொட்டு அழிஞ்சு போச்சு."

மாமி யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். நான் என் நெற்றியிலிருந்த பொட்டை உரித்தேன். பசை இன்னும் இருந்தது. எழுந்து முழங்காலில் நின்று, மாமியின் முகத்தைத் திருப்பி, நெற்றியின் நடுவில் ஒட்டி, விரலால் அழுத்தினேன். மாமியின் உடம்பு நடுங்கியது. என்னை இழுத்துத் தன் மடியில் சாய்த்துக்கொண்டார். குளிருகிறது போலும், அப்பா ஹீற்றரைப் போடலாமே என்று எனக்குத் தோன்றியது.

அன்றிலிருந்து மாமிக்கு அட்டைப் பொட்டுத்தான். இன்றுவரைக்கும் வைக்கிறார். புதுச் சிமிழ் வாங்கவேயில்லை. பொட்டு அட்டை முடிந்தால் என்னைத்தான் வாங்கி வரச் சொல்வார். என் தெரிவு அவருக்குப் பிடிக்கும் என்று பெருமையாக இருப்பேன்.

போன வருடம் சிற்பி இறந்துவிட்டார் என்று அவருடைய மகள் அப்பாவுக்குச் சொன்னார். நானும் மாமியும் மார்க்கத்துக்குப் போனோம். இப்போது அந்தக் குழியில் யார் யாரோ குங்குமம் வைக்கிறார்கள். மழைக்கு அது கரைந்து மூக்கோரம் வழிந்து காய்ந்திருந்தது. தொடக்கத்தில் ஆள்வைத்துத் துடைப்பித்த தலைவர் அங்கிள் பிறகு அதை அப்படியே விட்டுவிட்டார். மாமி கையிலிருந்த பூவைக் காலடியில் வைத்தார். அன்று அவர் ஏன் நெற்றியைத் துடைத்தார் என்பது அதற்குள் எனக்கு விளங்கியிருந்தது. அதுபற்றி ஒருநாளும் நாங்கள் பேசியதில்லை. அன்று கேட்டேன்.

"அண்டைக்கு நான் ஒட்டினதை ஏன் மாமி நீங்கள் எடுக்கேல்லை?"

மாமி சிலையைப் பார்த்தபடியே சொன்னார். "நான் இதில இறக்கி வைச்சிட்டுத்தான் வந்தனான், பிள்ளை. நித்திரை கொள்ளலாமெண்டு நினைச்சன். நீ திருப்பி வைச்சிட்டாய். உனக்கு ஒண்டும் தெரியாது. தெரியாத பிள்ளை வைச்சதெண்டால், அது மாமா அனுப்பினதெண்டுதானே நான் நினைப்பன்?"

மாமி என் கையைப் பிடித்துக்கொண்டு காரடிக்கு நடந்தார்.

அந்த மழைநாளில் 401இல் வீடு திரும்பும்வரை நான் மாமியின் மடியில் கிடந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டே வந்தேன். என் நெற்றி வெறுமையாக இருந்தது பற்றி எனக்குக் கவலையில்லை. பொட்டு நேராக இருக்கிறதா, விழுந்துவிடாமல் இருக்கிறதா என்பதுதான் கவலை. நேராகத்தான் இருந்தது.